மணியை இடியென்று நினைத்த கரித்துண்டு

திருடன் நுழையாமல் இருக்கப் போட்ட தாழ்ப்பாள் வீட்டுக்காரனையே வெளியில் நிறுத்திவிட்டால், அதை நெம்பித் திறக்க வருகிறவனுக்கு எங்கள் இலாகாவில் டெலிபோன் மெக்கானிக் என்று பெயர்.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் காரைக்காலில் நான் அந்த வேலை பார்த்தேன். ஒரு சைக்கிள், தோளில் ஒரு பை, பையில் கட்டிங் பிளேயர், ஸ்குரூ டிரைவர், லைனைச் சோதித்துப் பார்க்க ஒரு ரிசீவர். கம்பி அறுந்து கிடந்தால் முறுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம், அதில் ஒரு கஷ்டமும் இல்லை. என் உயிரை வாங்கியவை எல்லாம் நல்ல எண்ணத்தோடு வைத்த காவல்கள்தான். கெட்டது உள்ளே வரக்கூடாது என்று வைத்தது, வரவேண்டியதையும் சேர்த்து நிறுத்திவிடும். வரவேண்டிய போன் வராமல் நொந்துபோன அனுபவம் உங்களுக்கும் இருக்கும். ஆகவே நீங்களும் என் கட்சிதான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கம்பிக்குள் குரல் எப்படிப் போகிறது என்று எனக்குப் பயிற்சியில் படம் போட்டுக் காட்டினார்கள். பரீட்சையும் எழுதித் தேறினேன். ஆனாலும் அந்த வியப்பு கடைசிவரை என்னை விட்டுப் போகவில்லை. அதைவிடப் பெரிய வியப்பு, அந்தக் கறுப்புப் பெட்டிக்கு முன்னால் மனிதர்கள் நின்ற விதம்.

பூட்டின போன்

டயல் சுற்றுகிற போனில், யாரும் சுற்ற முடியாதபடி ஒரு ஓட்டையில் சின்னப் பூட்டு மாட்டி வைப்பார்கள். அக்கம்பக்கத்தார் வந்து ஓசியில் பேசிவிடக்கூடாது என்பதற்காக. டவுனில் ஒரு நெல் வியாபாரி அப்படிப் பூட்டிவிட்டுச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு மண்டிக்குப் போகிறவர். அவர் வந்து புகார் சொன்னார். வெளியூரிலிருந்து கூப்பிடுகிறவர்கள் எல்லாம், மணி போகிறது, யாரும் எடுப்பதில்லை என்கிறார்களாம். லைனைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போனேன்.

நான் இருக்கும்போதே போன் அடித்தது. அவர் மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்தார். போனுக்கு முன்னால் வந்து நின்றார். கையைக் கட்டிக்கொண்டு, அது அடித்து முடிகிறவரை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போகத் திரும்பினார். ஏனம்மா எடுக்கவில்லை என்று கேட்டேன். பூட்டின போனை எப்படி எடுப்பது, சாவி அவரிடம் அல்லவா இருக்கிறது என்றார். போன் வந்து ஒரு வருஷமாக இப்படித்தான் நடந்திருக்கிறது.

பூட்டு மாட்டியபடியே ரிசீவரைத் தூக்கிக் காட்டினேன். உள்ளே கொய்ங் என்ற சத்தத்தைக் கேட்கச் சொன்னேன். கேட்டார். பிரமித்துப்போய் என்னையும் பூட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "அப்ப வெளியேருந்து வர்றவுங்களுக்குப் பூட்டு இல்லிங்களா? உள்ள இருக்கிறவளுக்கு மட்டுந்தானா?"

சுரக்குடிக்காரர் கேட்ட கரி

போன் கம்பி வீட்டுக்குள் நுழைகிற இடத்தில் சுவரில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதற்குள் இரண்டு கரித்துண்டுகள், நடுவே மயிரிழை இடைவெளி. ஒன்றிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் போகும். பேச்சுக்கு வேண்டிய மின்சாரம் சாது, அந்த இடைவெளியைத் தாண்டாது. இடி விழுந்தால் அந்த வேகம் தாண்டிக் குதித்து மண்ணுக்குள் போய்விடும். வீடு தப்பிக்கும். கரி மட்டும் கருகி ஒட்டிக்கொண்டு, அதற்குப் பிறகு எந்தப் போனையும் வரவிடாது.

சுரக்குடியில் ஒரு விவசாயி வீட்டில் அப்படி ஆனது. மழை விட்டதும் போய்ப் பெட்டியைத் திறந்து, கருகிப் போன துண்டுகளைத் தட்டிக் கீழே போட்டுவிட்டுப் புதிது மாட்டினேன். அதுவரை, போன் போட்டதே தண்டம் என்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தார் அவர். இது என்ன என்று கேட்டார். சொன்னேன். அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். கரித்துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஊதினார். அன்று இடித்தபோது பேரப்பிள்ளைகள் அந்தச் சுவரோரமாகத்தான் படுத்திருந்தார்களாம். எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. தினமும் நான் தட்டிக் கொட்டுகிற சாமான் அது. அவர் துண்டை மடியில் முடிந்துகொண்டு சொன்னார்: "இடிய வாங்கிக்கிட்டுச் செத்துருக்குங்க இது. இதப் போயி குப்பையில கொட்டுறீங்களே."

வக்கீலின் ரகசியம்

எண்பதுகளின் கடைசியில் புது மாதிரி எக்ஸ்சேஞ்ச் வந்ததும் இரும்புப் பூட்டு போய், ரகசிய எண் வந்தது. நான்கு இலக்கம் அழுத்தினால் வெளியூர்ப் போன் பூட்டிக்கொள்ளும், மறுபடி அழுத்தினால் திறக்கும். ஒரு வக்கீல், குமாஸ்தா கண்டுபிடித்துவிடுவான் என்று பயந்து, எண்ணை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். கடைசியில் அவருக்கே மறந்துவிட்டது. ஹைகோர்ட்டில் அவசரமாகப் பேசவேண்டும், போன் மறுக்கிறது. வழக்கமாக என்ன மாதிரி எண் வைப்பீர்கள், ஒன்றிரண்டு சொன்னால் போட்டுப் பார்க்கிறேன் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அந்த ஜாக்கிரதையைப் பார்த்து நான் அசந்தே போனேன். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சொல்லிட்டா அப்பறம் அது என்னங்க ரகசியம்? சொல்லாமயே தெறந்து குடுங்க."

கோட்டுச்சேரி அம்மாள்

இனிச் சொல்லப்போவது அதற்குச் சில வருஷம் முன்பு நடந்தது. ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை காலை, கோட்டுச்சேரியிலிருந்து ஆரோக்கியமேரி அம்மாள் பஸ் ஏறி எக்ஸ்சேஞ்சுக்கே வந்துவிட்டார். அவர் கணவர் சூசைநாதன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் அவரைச் சொல்தா என்றுதான் சொல்வார்கள். அது பட்டாளத்துக்காரருக்கு அங்கே வழங்குகிற பெயர். ஒரே மகன் மிக்கேல் பாரீசில் ஓட்டல் ஒன்றில் வேலை செய்கிறான். கூட வேலை பார்க்கும் ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டு எழுதியிருந்தான். நம் ஊர்ப் பெண் இல்லை. சொல்தா பதில் எழுதவில்லை, அம்மாளையும் எழுத விடவில்லை.

லீவில் ஊருக்கு வந்த ஒருவரிடம் மிக்கேல் சொல்லியனுப்பினான்: இந்த மாதம் ஒவ்வொரு ஞாயிறும் சாயங்காலம் கூப்பிடுவேன், யாரும் போனை எடுக்காவிட்டால் என்னை வேண்டாம் என்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு அதோடு விட்டுவிடுவேன். அதைக் கேட்டு அம்மாள் ஒவ்வொரு ஞாயிறும் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மணி அடிக்கவே இல்லை. மாதத்தில் இன்னும் ஒரே ஒரு ஞாயிறுதான் பாக்கி. கடிதம் போட்டால் அதற்குள் போய்ச் சேராது. மகனிடம் போன் கிடையாது, தெருமுனை டெலிபோன் கூண்டிலிருந்துதான் பேசுவான்.

அவர் எதிரிலேயே அந்த வீட்டு எண்ணுக்கு மணி விட்டுப் பார்த்தோம். சொல்தாவே எடுத்து 'அல்லோ' என்றார். லைன் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு பழுதும் இல்லையம்மா, நிம்மதியாகப் போங்கள் என்றேன். நல்ல செய்தி சொல்வதாக எனக்கு நினைப்பு. அம்மாளின் முகம் விழுந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னார்: "லைன் நல்லாருந்தா, எம்புள்ள கூப்புடலன்னுல்ல அர்த்தமாவுது தம்பி. கெட்டுப்போயிருக்குன்னு சொல்லுங்க."

உப்பு

அந்த வார்த்தை என்னை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை டூட்டி இல்லாதபோதும் கோட்டுச்சேரிக்குச் சைக்கிளை விட்டேன். எக்ஸ்சேஞ்சில் சோதனை மேஜையில் உட்காரும் தையல்நாயகி அக்காவிடம், விட்டு விட்டு அந்த வீட்டுக்கு மணி கொடுக்கச் சொல்லியிருந்தேன். அம்மாள் பூசைக்குக் கட்டின பட்டுப்புடவையை அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தார். சொல்தா போனுக்கு முதுகைக் காட்டி நாற்காலி போட்டிருந்தார். மத்தியானம் மணி ஜோராக அடித்தது. மூன்று மணிக்கும் அடித்தது. மணி நல்லாத்தான் அடிக்குது, அவன்தான் அடிக்கல என்றார் சொல்தா, திரும்பாமலே.

வெயில் சாய்ந்ததும் காற்று மாறிக் கடலிலிருந்து வீச ஆரம்பித்தது. மழைக்காலத்துக் காற்று, உதட்டை நக்கினால் கரிக்கும். அக்கா மணி கொடுப்பதாகச் சொன்ன நேரம் வந்தது. போன் சும்மா இருந்தது. மறந்துவிட்டாரோ என்று ரிசீவரை எடுத்தேன். உள்ளே அவர் குரல். அவர் பாட்டுக்கு மணி கொடுத்துக்கொண்டே இருக்கிறாராம், அந்தப் பக்கம் அவர் காதில் மணி போகிற சத்தமும் ஒழுங்காகக் கேட்கிறதாம்.

வெளியே ஓடிச் சுவர்ப்பெட்டியைத் திறந்தேன். கரித்துண்டுகளுக்கு நடுவே உப்புப் பூத்திருந்தது. வெயிலில் காய்ந்து கிடக்கும்போது ஒன்றுமில்லை. சாயங்காலம் ஈரக்காற்று பட்டதும் உப்பு கசிந்து இடைவெளியை அடைத்துவிடும். பேச்சு அப்போதும் தப்பித்துப் போய்விடும். மணிக்கு வருகிற மின்சாரம் கொஞ்சம் முரடு. அதை இடி என்று நினைத்து அந்தக் கரி மண்ணுக்குள் தள்ளிவிட்டிருக்கிறது. கூப்பிட்டவன் காதில் மணி போயிருக்கும், இங்கே ஒரு சத்தமும் வந்திருக்காது. நான் இத்தனை வருஷம் பார்த்ததில் இப்படி ஒரு விசுவாசத்தைப் பார்த்ததில்லை, மயிர்க்கூச்செறிந்தது. இருவரிடமும் விளக்கிச் சொன்னேன். அம்மாள் அழவில்லை, எழுந்து நின்றார், அவ்வளவுதான். சொல்தா அப்போதுதான் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். போனைப் பார்த்தபடி கேட்டார்: "அப்ப, போன ஞாயித்துக்கெழமையும் அவன் அடிச்சிருக்கானா?"

இடி

உப்பைச் சுரண்டினேன். கரி உதிர்ந்து கையோடு வந்துவிட்டது. மாற்றுத் துண்டு ஆபீஸ் அலமாரியில், அலமாரிச் சாவி என்ஜினீயரிடம், என்ஜினீயர் கும்பகோணத்தில். வேறு வழியில்லாமல் இரண்டு கரியையும் பிடுங்கி எறிந்துவிட்டு, வெளிக் கம்பியை வீட்டுக் கம்பியோடு நேராகச் சேர்த்தேன். அக்கா மணி கொடுத்தார். கணீரென்று அடித்தது.

ஆனால் கிழக்கே வானம் கறுத்துவிட்டது. கடல் மேல் இடி உருள ஆரம்பித்தது. இனி இந்தப் போனுக்கும் வானத்துக்கும் நடுவில் காவல் ஒன்றும் இல்லை, இடிக்கும்போது யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். சொல்லவே வேண்டியதில்லை. இடிச்சத்தம் கேட்டால் போனைத் துணி போட்டு மூடி எட்டி நிற்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். மின்னல் ஜன்னலில் வெட்டியது. நாங்கள் மூன்று பேரும் தள்ளி நின்றோம்.

அப்போது மணி அடித்தது. தையல்நாயகி அக்கா இல்லை, அவரைப் போதும் என்று சொல்லியாகிவிட்டது. அம்மாள் பாய்ந்தார். சொல்தா குறுக்கே கையை நீட்டித் தடுத்தார். "நீ தொடாத மேரி" என்றார். தலைக்கு மேலே இடி வெடித்து ஓடு அதிர்ந்தது. எடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, எடுக்காதீர்கள் என்று சொல்லவும் மனம் வரவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. இத்தனை பாடுபட்டு மணியை வரவழைத்து, கடைசியில் இந்த மனுஷர் பிடிவாதத்தில் போகிறதே என்று நினைத்தேன்.

சொல்தா அம்மாளைப் பிடித்துத் தூரமாகச் சுவரோரம் நிறுத்தினார். என்னையும் தள்ளிப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். பிறகு தனியாகப் போய், விறைப்பாக நின்று, ரிசீவரை எடுத்துக் காதில் அழுத்திக்கொண்டார். மறுபடி மின்னல் வெட்டியது. அவர் கண்ணைக்கூட மூடவில்லை. நான் கும்பிட்டுவிட்டேன், யாரை என்று தெரியவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அல்லோ, மிக்கேலா? அப்பாதான். இங்க இடி இடிக்குது, ஒங்கம்மா அப்பறமாப் பேசுவா. அந்தப் பொண்ணு பக்கத்துல நின்னா போன அதுகிட்டக் குடு."

மறுநாள் புதுக் கரி மாட்டி மூடியை முடுக்கிவிட்டு வந்தேன் என்றாலும், காவலைப் பிடுங்கி எறிந்த அந்த ஒரு வேலையைத்தான் என் சர்வீசிலேயே உருப்படியான ரிப்பேர் என்று, பென்ஷன் வாங்குகிற தைரியத்தில் இப்போது வெளியே சொல்கிறேன்.