உப்புக் கிணறும் வெள்ளிச் சாயமும்

இதை நான் எழுதியே ஆக வேண்டும். "அந்தக் காலத்தில் திசுவைப் பார்த்து நோய் சொன்னதெல்லாம் ஊகந்தானே" என்று அண்மையில் ஒரு கூட்டத்தில் இளம் மருத்துவர் ஒருவர் சொன்னார். அவையினர் சிரித்தனர். நான் சிரிக்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு கடுங்கோடையில், காயலோர மட்டாஞ்சேரியின் சிறு மருத்துவமனை ஒன்றில் பணியாற்றினேன். நோயாளியின் உடலிலிருந்து கிள்ளி எடுத்த திசுவை மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக்கி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் கண்டு, இன்ன நோய் என்று எழுதித் தருவது என் பொறுப்பு.

பக்கத்துக் கொச்சங்காடியில் சாப்பாட்டுக்கடை நடத்திய தமிழர் ஒருவரின் இரைப்பையிலிருந்து அப்படியொரு திசு வந்தது. கடைக்கு உரிமையாளரும் சமையல்காரரும் அவரே. இரைப்பைச் சுவரில் மிளகளவே ஒரு முடிச்சு. வழக்கமான சாயத்தில், ஒரே சாயலுள்ள சிறிய உயிரணுக்கள் கூட்டங்கூட்டமாய்த் தெரிந்தன. தலைமை அறுவை மருத்துவர் அதைக் கொடிய புற்று என்று முடிவுகட்டி, இரைப்பை முழுவதையும் அகற்ற நாள் குறித்துவிட்டார்.

எனக்கு ஐயம். இரைப்பையில் அரிதாகத் தோன்றி மெல்ல வளரும் கார்சினாய்டு என்னும் கட்டியும் இப்படித்தான் காட்சி தரும். தொடக்க நிலையிலுள்ள சிறு கட்டியாயின் முடிச்சை மட்டும் வெட்டியெடுத்தால் போதும். இரண்டையும் பிரித்தறிய அன்று எங்களிடம் இருந்தது வெள்ளிச் சாயம். கார்சினாய்டாயின் உயிரணுக்களுக்குள் வெள்ளி படிந்து கரும்பழுப்புத் துகள்களாய்த் தெரியும்.

சாயமேற்றினேன். ஒன்றும் கறுக்கவில்லை.

அறுவை மருத்துவர் மலையாளி. என்னிடம் அரைத் தமிழில் கேலி பேசுவது அவர் வழக்கம். "எந்தா டாக்டரே, வெள்ளி கிட்டியோ? கொலுசு செய்யலாம்! போதும், கான்சர்னு எழுதிக் கையெழுத்துப் போடு."

"போட மாட்டேன் சார்."

கறுத்தே தீரும் என்று உறுதியாகத் தெரிந்த வேறொரு திசுவையும் ஒப்புநோக்குவதற்காக உடன் சாயமேற்றியிருந்தேன். அதுவும் வெளுத்துக் கிடந்தது. எனவே பிழை சாயமேற்றியதில். நோயாளியின் திசு இன்னும் எதையும் சொல்லவேயில்லை.

"நாளைக்கு அந்த ஆளு செத்தா, ஆரு சமாதானம் சொல்லும்? நீயோ?"

"நான்தான்," என்றேன்.

மறுநாள் நோயாளியே மனைவியுடன் வந்து நின்றார். "டாக்டரே, வயிறில்லாத சமையக்காரன் வச்ச சாம்பாரை ஆரு நம்பித் தின்னும்?" என்று சிரித்தார்.

"இந்த மனுஷனுக்கு எல்லாம் தமாஷ்," என்று மனைவி அவரை அடக்கினார். "சத்தியமா சொல்லுங்கோ டாக்டரே, முழுசும் எடுத்தே ஆகணுமோ?"

"எனக்கு இன்னும் தெரியலைம்மா. தெரியாம எடுக்க விடமாட்டேன்."

இரண்டாம் முறை சாயமேற்றியதும் தோற்றது. மெழுகில் எஞ்சியிருந்த திசுவோ மிகச் சிறிது. அடுத்த முறை தவறினால் பார்ப்பதற்கு ஒன்றும் இராது. அதனால் திசுவை எடுக்காமல், சாயக் கரைசலை மட்டும் குப்பியில் ஊற்றிப் பார்த்தேன். தெளிவாக இருக்க வேண்டிய நீரில் பால் கலந்ததுபோல் ஒரு மங்கல் பரவியது. வெள்ளி, உப்போடு சேர்ந்தால் அப்படித்தான் வெளுத்துத் திரியும்; திசுவில் படிய வெள்ளி மிஞ்சாது.

"இதைக் கழுவினது ஆரு?" என்று குப்பியைக் காட்டிக் கேட்டேன்.

"ஞான்தான்," என்றார் ஆய்வக உதவியாளர், முகம் சிவந்து. "பளபளன்னு கழுவித்தானே வச்சேன், டாக்டரே!"

உண்மை. பளபளப்பாகத்தான் இருந்தது. கோடையில் காயல் நீர் ஊறி எங்கள் கிணறுகள் உப்புக் கரிக்கும். குடிக்க மட்டும் வெளியிலிருந்து நீர் வாங்குவோம். கழுவுவதற்குக் கிணறு போதும் என்பது ஊர் வழக்கம். குப்பிகளையும் திசு ஒட்டிய கண்ணாடித் தகடுகளையும் கடைசியாக அலசியது அந்தக் கிணற்று நீரில்தான். எங்களில் ஒருவருக்கும் அது தவறாகத் தோன்றவில்லை.

"குற்றம் உங்கமேல இல்லை, கிணத்துமேல," என்றேன். அனைத்தையும் காய்ச்சி வடித்த நீரில் மீண்டும் மீண்டும் அலசி, எஞ்சிய சீவல்களைச் சாயத்தில் இட்டோம்.

ஒப்புநோக்கும் திசு முதலில் கறுத்தது. அடுத்து சமையல்காரருடையதை வைத்தேன். உயிரணு தோறும் கரும்பழுப்புத் துகள்கள், மையைத் தெளித்தாற்போல!

அறுவை மருத்துவர் நுண்ணோக்கியில் வெகுநேரம் குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது, "முடிச்சு மட்டும் எடுத்தால் போதும்," என்றார்.

அவ்வாறே எடுத்தார். சமையல்காரர் தம் இரைப்பையோடு வீடு திரும்பினார். நான் அவ்வூரை விட்டு வரும்வரை அவர் கடையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அங்கே நானும் பலமுறை உண்டிருக்கிறேன், சாம்பாரில் புளி சற்று மிகுதி.

'தெரியவில்லை' என்று சொல்லிவிட்டு நகராமல் நிற்பதும் மருத்துவமே என்பதை அந்தக் கோடையில் கற்றேன். இன்றும் அதில் உறுதியாக நிற்கிறேன். சாய முறையைச் சொன்னதில் என் நினைவு எங்கேனும் பிறழ்ந்திருந்தால், அறிந்தோர் திருத்துக, நன்றியோடு ஏற்பேன். கையெழுத்திட மறுத்ததை மட்டும் யாரும் திருத்த வேண்டா.