கம்பிக்குள் போன குலசாமி

ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு, அங்கே கடையில் வேலை பார்த்த அத்தை மகனிடமிருந்து தகவலே இல்லை. புருஷன் வீட்டுச் சாமி காது கொடுக்கவில்லை என்று, பிறந்த வீட்டுச் சாமிக்குப் பொங்கல் வைத்துக் கேட்க எங்களிடம் வந்தாள் அத்தை. எங்கள் குலசாமி மணமேல்குடிக்குத் தெற்கே, கடலோரக் காட்டுக்குள், மணலுக்கு மேல் வாய் மட்டும் தெரியும் பெரிய தாழி. உள்ளே என்ன இருக்கிறதென்று எங்களில் யாரும் பார்த்ததில்லை. சாமியை எட்டியா பார்ப்பார்கள்?

வண்டி கட்டிப் போனால் காட்டைச் சுற்றி முள்கம்பி. பழைய பட்டினம் ஒன்று புதைந்து கிடக்கிறது என்று சர்க்கார் ஆட்கள் தோண்டிக்கொண்டிருந்தார்கள். வாசலில் காட்டிலாகா கார்டு.

"பாக்க வர்ற தொரைமாரு போகலாங்க. சாமி கும்பிட, அடுப்பு மூட்ட ஆர்டர் இல்ல."

சாமிக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று நான் என் கல்யாணக் கோட்டை மாட்டி வந்திருந்தேன். பொத்தான் போட்டால் மூச்சு விட முடியாது. மூச்சு விட்டால் பொத்தான் தாங்காது.

"மருமவனே, நீதான் தொர மாதிரி இருக்கியே, போ" என்று அத்தை ஒரு பிடி அரளிப்பூவை என் பைக்குள் திணித்தாள். "பூவப் போட்டு, எம் புள்ள எங்கிட்டு இருக்கான்னு கேளு."

கார்டு கோட்டுக்கு ஒரு சலாம் வைத்தார். செருப்பில்லாத காலைக் கண்டதும் கை பாதியிலேயே இறங்கிவிட்டது. இருந்தாலும் செங்கல் சுவர், சங்கு வளையல் துண்டு எல்லாம் காட்டினார். நானும் துரை மாதிரி "ஊம்" கொட்டினேன். சாமி இருந்த இடத்தில் குழிதான் இருந்தது.

"இங்கன ஒரு தாழி இருந்துச்சே?"

"அதப் போன மாசமே பெட்டியில வச்சுப் பட்டணத்துக்கு ரயிலேத்திட்டாங்க சார். செத்த ஆளைப் பொதைக்கிற பானைங்க. உள்ள எலும்பு கெடந்துச்சு."

வெளியே வந்ததும், "கேட்டியா? என்ன தோணுச்சு?" என்றாள் அத்தை. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரையே ஏய்த்த வாத்தியார் நான். அன்றைக்கு ஒரு உருப்படியான பொய் அகப்படவில்லை. "சாமியப் பட்டணத்துக்குக் கொண்டு போயிட்டாங்களாம் அத்தை" என்று மட்டும் சொன்னேன்.

ஆறுதல் சொல்கிற நினைப்பில் கார்டு குறுக்கே வந்தார். "வெசனப்படாதீங்க ஆத்தா. அது சாமியே இல்ல, செத்தவன் எலும்பு."

அத்தை அவர் பக்கம் திரும்பினாள். "யாரு பெத்த புள்ளையோ. அவளுக்கு எலும்பாவது கெடைச்சிருக்கு."

மாட்டைப் பூட்டச் சொல்லிவிட்டு, பொங்கல் அரிசியை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். வழி நெடுக நான் வேடிக்கை பேசிக்கொண்டே வந்தேன். அவள் சிரிக்கவும் இல்லை, நிறுத்தச் சொல்லவும் இல்லை. ரங்கூனிலிருந்து அவள் மகன் கடைசிவரை வரவில்லை.