அஞ்சு நாற்பது பாட்டு

எங்கள் கடையில் கண்ணாடிச் சாமான்களைப் பொதிந்து கொடுப்பவரைக் கண்ணாடி அக்கா என்றே கூப்பிடுவோம். ஏழு வருடத்தில் அவர் கை பட்ட கோப்பை ஒன்றுகூட விரிசலோடு திரும்பி வந்ததில்லை. கீறல் விழும் என்று அந்தப் பிரிவில் வளையல், மோதிரம், கைக்கடிகாரம் எதற்கும் அனுமதியில்லை. செல்போன் வாசலிலேயே பெட்டிக்குள் போய்விடும். வாங்க வருபவர்களுக்கு நேரம் போவது தெரியக்கூடாதாம், சுவரிலும் கடிகாரம் கிடையாது.

அக்காவின் வேலை ஐந்து நாற்பதுக்கு முடியும். பத்து நிமிட நடையில் குழந்தைகள் காப்பகம். ஆறு மணிக்கு அங்கே பூட்டிவிடுவார்கள். கணவர் லாரி ஓட்டுபவர். மாதத்தில் நாலு நாள் வீட்டிலிருந்தால் அதிசயம். நேரமாகிவிட்டதென்று சொல்ல வேண்டிய மேற்பார்வையாளர் நவம்பரில் இரண்டு முறை மறந்தார். காப்பக டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டார்: "மூணாவது தடவை லேட்டானா பிள்ளை பேரை அடிச்சிடுவேன்." காப்பகம் போனால் வேலையும் போகும்.

டிசம்பர் வந்ததும் அக்காவுக்கு மூச்சு வந்தது. கிறிஸ்துமஸ் பாட்டு வரிசை காலை பத்துக்குத் தொடங்கி, ஒரு மணி நேரம் ஓடி, திரும்பவும் முதலிலிருந்து வரும். ஒவ்வொரு மணியிலும் நாற்பதாவது நிமிடம் கிணுகிணு. அந்த நேரத்தில் வரும் பாட்டுக்கு நாங்கள் வைத்த பெயர் அது. நூறு மணியும் ஒரு கூட்டம் பிள்ளைகளும் சேர்ந்து கத்தும்.

"தகர டப்பாவுல கல்லைப் போட்டு ஆட்டுற மாதிரி இருக்கு. இதைப் பாடுனவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்" என்பார் பில் போடும் அண்ணன்.

"திட்டாதீங்கண்ணே. எனக்கும் காதுல ஈயத்தை ஊத்துன மாதிரிதான் இருக்கு. ஆனா அது கத்துனாத்தான் எனக்கு வீடு" என்பார் அக்கா.

அந்த வாரம் மேலாளர் வாசலில் ஒரு பெட்டி வைத்தார். பிடித்த பாட்டு, பிடிக்காத பாட்டு, வாங்க வருபவர்களுக்கும் எங்களுக்கும் ஆளுக்கு ஒரு சீட்டு. தாலாட்டு மாதிரி ஒரு பாட்டை முக்கால்வாசிப் பேர் விரும்பியிருந்தார்கள். அது வந்தால் சண்டை போடும் தம்பதிகள்கூடக் கொஞ்சம் அடங்குவார்கள். வெறுத்ததில் கிணுகிணுவுக்கு நூற்றுப் பதினொன்று. அதில் ஒன்று என்னுடையது. என் வேலை நாலுக்கே முடிந்தும், சீட்டுகளை எண்ணுவதற்காகத் தங்கியிருந்தேன். மேலாளர் சொன்னபடி ஐந்து மணிக்குப் பாட்டுக் கணினியில் மூன்று நிமிடக் கிணுகிணுவை அழித்தேன். ஒரு பெரிய காரியத்தைச் சாதித்த நினைப்பில் அக்கா சொன்னது எனக்கு மறந்தே போனது.

அக்கா இருபத்து நாலு கோப்பைகளைப் பொதிந்துகொண்டிருந்தார். வாங்கிய அம்மா தலைக்குமேல் நின்று, "இன்னொரு தாள் சுத்துங்க, இன்னொரு தாள்" என்று உயிரை எடுத்தார். நேரம் எத்தனை என்று அக்கா யாரையும் கேட்கவில்லை. பாட்டுதான் சொல்லுமே.

திடீரென்று வரிசையின் முதல் பாட்டு ஒலித்தது. அக்காவின் விரல்கள் அப்படியே நின்றன. கையிலிருந்த கோப்பையைச் சத்தமில்லாமல் மேஜையில் வைத்தார்.

"தம்பி, மணி என்ன?"

கணினியைப் பார்த்தேன். "அஞ்சு அம்பத்தேழு."

"கிணுகிணு வரலியே?"

"நான்தான் எடுத்துட்டேன்கா."

அவர் திட்டியிருந்தால் தேவலை. வாசலுக்கு ஓடினார். கோப்பைக்கார அம்மாவை அண்ணனிடம் விட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். இரண்டு சிக்னலும் சிவப்பு. பின்னால் அக்கா முணுமுணுத்துக்கொண்டே வந்தார், "பூட்டியிருக்கக் கூடாது, பூட்டியிருக்கக் கூடாது."

ஆறு ஐந்து. கதவு பூட்டியிருந்தது. டீச்சர் படியில் நின்றிருந்தார். தோளில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. கக்கத்தில் பதிவேடு.

"மூணாவது" என்றார்.

"தப்பு என்னோடது டீச்சர்..." என்று நான் ஆரம்பித்தேன்.

"நீங்க யாரு?"

அதற்கு அக்காதான் முன்னால் வந்தார். ஏழு வருடத்தில் அவர் குரல் உயர்ந்து கேட்டதில்லை. "பேரை அடிங்க டீச்சர். ஆனா காலையில எட்டு மணிக்கு இதே படியில பிள்ளையோட நிப்பேன். எனக்குப் போக வேற இடமில்லை."

டீச்சர் பேனாவைத் திறந்தார். எழுதவும் இல்லை, மூடவும் இல்லை. கடைசியில், "நீங்க வர முடியலேன்னா யார் வருவாங்கன்னு ஒரு கட்டம் இருக்கு. சேர்த்த நாள்லருந்து காலியாவே விட்டிருக்கீங்க. அதை நிரப்புங்க, இந்த ஒரு தடவை விடறேன்" என்றார்.

அக்கா அந்தக் கட்டத்தையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

பேனாவை வாங்கி என் பெயரை எழுதினேன். பழக்கதோஷத்தில் பக்கத்தில் பி.எஸ்சி. என்றும்.

"பட்டமெல்லாம் வேணாம் தம்பி, போன் நம்பர் போடுங்க" என்றார் டீச்சர்.

அக்கா பிள்ளையைத் தோளில் வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"கையை மட்டும் விட்டுடாத. ரோட்டைக் கண்டா ஓடுவா."