அவர் காரை விட்ட காரணம்

என் கணவர் திடீரென்று பூமியைக் காப்பாற்றக் கிளம்பியபோது எனக்கு மூக்கில் வியர்த்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மகள் தன் வீட்டிலிருந்து வந்திருந்தாள். மூவரும் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே அவர், "காரை வித்துடலாம்னு பாக்குறேன்" என்றார்.

"ஏன்?" என்றேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "என்வைரன்மென்ட்டுக்காகவா ப்பா?"

ஒரு நிமிடம் அவளைப் பார்த்துவிட்டு, "ஆமா. இனிமே பஸ்ஸு, எம்.ஆர்.டி. ரயிலு, நடை. அவ்வளவுதான்" என்றார்.

"அப்பா, யூ ஆர் சோ கூல் லா!" என்று அவள் எழுந்து போய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் சட்னிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். முப்பது வருடம் ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர் அவர். எதிர் புளோக்கில் ரொட்டி வாங்குவதற்குக்கூடக் காரை எடுப்பார். இந்த ஊரில் கார் வைத்துக்கொள்வதற்கு உரிமைச் சான்றிதழ் எடுக்கவேண்டும், அது பத்து வருடம் செல்லும். எங்களுடையதில் இன்னும் மூன்று வருடம் மிச்சமிருந்தது. சிங்கப்பூரில் எந்த மனிதனும் கடைசி நாள் வரைக்கும் ஓட்டித் தீர்க்காமல் காரை விடமாட்டான். இவர் விடுகிறார் என்றால் ஏதோ இருக்கிறது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கவுன்ட்டரில் உட்கார்ந்தவள். இப்போதும் வாரத்தில் மூன்று நாள் போகிறேன். படிவத்தை நீட்டும்போதே எவர் உண்மை சொல்கிறார், எவர் காதில் பூ சுற்றுகிறார் என்று கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. அந்த நினைப்பை நான் வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவேன் என்பது மகளின் புகார்.

கார் போய்விட்டது. செய்தி எப்படியோ பரவி, எங்கள் பொங்கோல் புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்குப் பச்சை இலைப் படமாக அனுப்பினார்கள். குடியிருப்பாளர் குழுவினர் வந்து, கீழ்த்தளத்தில் பத்து நிமிடம் பேசமுடியுமா என்று கேட்டார்கள். தலைப்பு, 'பசுமைப் பயணம்'. இவரும் போனார். நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். "கார்ல போனா முன்னாடி போற வண்டியத்தான் பாப்போம். பஸ்ல போனா ஊரைப் பாக்கலாம்" என்றார். கைதட்டல். ஒரு துணிப்பையும் மூங்கில் கரண்டியும் பரிசு கொடுத்தார்கள். மேடையிலிருந்து இறங்கும்போது கடைசிப் படியில் கால் தடுமாறிற்று. பொய் சொல்கிறவனுக்கு அப்படித்தான் தடுமாறும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. காலையும் இரவும் சரியாக எட்டு மணிக்குப் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஐந்து நிமிடத்தில் வெளியே வருவார். கேட்டால் மூச்சுப் பயிற்சி என்றார். போன் சிணுங்கினால் திருப்பி வைத்தார். ஒருநாள் இடது தோளில் நீலமாகக் கன்றியிருந்தது. "பஸ் பிரேக் போட்டான், கம்பியில இடிச்சுக்கிட்டேன்" என்றார்.

பள்ளி விடுமுறையில் எல்லாரும் விமானம் ஏறும்போது நாங்கள் மட்டும் மலாக்காவுக்குப் பஸ்ஸில் போனோம். புகை குறையுமாம். அங்கே சந்துகளில் நடக்கும்போது அவர் என் தோளில் கை வைத்துக்கொண்டார். கல்யாணமாகி இருபத்தொன்பது வருடத்தில் வெளியிடத்தில் என் சுண்டுவிரலைக்கூடத் தொட்டிருக்கமாட்டார். வேறொருத்தியாக இருந்தால் உருகிப்போயிருப்பாள். எனக்குச் சந்தேகம்தான் வந்தது. தப்புச் செய்கிற ஆண்களுக்குத்தான் பெண்டாட்டி மேல் திடீரென்று பாசம் பொங்கும் என்று அலுவலகத் தோழிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அன்று இரவு ஹோட்டலில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

உண்மையான அடி, பயண அட்டையில் விழுந்தது. எங்கள் இரண்டு பேருடைய அட்டைகளும் என் போனில்தான் இணைந்திருக்கின்றன. யார் எங்கே ஏறினார், எங்கே இறங்கினார் என்பது அதில் வரும். அதைப் பற்றி அவருக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் மறந்திருப்பார். "பொங்கோல் கடலோரமா நடந்துட்டு வரேன்" என்று அவர் சொல்லிவிட்டுப் போகும் நாட்களில் எல்லாம் அட்டை லிட்டில் இந்தியாவில் இறங்கியிருந்தது. அதுவாவது பரவாயில்லை. சில நாள் போய் இறங்கி, பத்தே நிமிடத்தில் திரும்பி, பொங்கோல் வந்து, மறுபடியும் லிட்டில் இந்தியாவுக்குப் போயிருந்தார். ஒரே நாளில் மூன்று தடவை.

பத்து நிமிடத்தில் என்ன வேலை? நான் உட்கார்ந்து யோசித்தேன். அங்கே எவளோ ஒருத்தி இருக்கிறாள். முதல் தடவை போனபோது அவள் வீட்டில் இல்லை. திரும்பிவிட்டார். அப்புறம் அவள் கூப்பிட்டிருக்கிறாள். மறுபடி ஓடியிருக்கிறார். எனக்கு எல்லாமே கச்சிதமாகப் பொருந்திற்று. அவள் சேலை கட்டுகிறவளா, அங்கே தேக்கா சந்தைப் பக்கம் தையல்கடை வைத்திருப்பவளா என்பது வரைக்கும் போய்விட்டேன். மகளிடம் சொன்னபோது, "அம்மா, யூ ஆர் டூ மச் லா. அப்பா பாவம்" என்று போனை வைத்துவிட்டாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இருபத்தொன்பது வருடம் ஒரே தட்டில் முறுக்கைப் பகிர்ந்து தின்ற மனிதர். அவர் இல்லாமல் எனக்கு எப்படி ஒரு நாள் விடியும் என்று தெரியவில்லை.

ஒரு புதன்கிழமை அலுவலகத்துக்கு லீவ் போட்டேன். அவரிடம் சொல்லவில்லை. மகளின் பழைய தொப்பி, முகக்கவசம், எப்போதும் உடுத்தாத ஜீன்ஸ். அவர் லிஃப்டில் இறங்கியதும் நான் படியில் இறங்கினேன்.

ரயிலில் அவர் பெட்டியிலேயே ஏறினேன். தள்ளி நிற்கத்தான் நினைத்தேன். சிராங்கூனில் கூட்டம் ஏறி என்னைத் தள்ளிக்கொண்டுபோய் அவருக்கு இடது பக்கம் நிறுத்திவிட்டது. என் பை அவர் முழங்கையில் உரசியது. மாட்டிக்கொண்டேன் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் திரும்பவே இல்லை. ஐந்து நிறுத்தம் அப்படியே போனோம். எனக்குப் பயம் போய்ப் பெருமை வந்துவிட்டது. கவுன்ட்டரில் உட்கார்ந்து வாழ்க்கையை வீணாக்கிவிட்டோம், போலீஸில் சேர்ந்திருக்கவேண்டும் என்று நினைத்தேன்.

லிட்டில் இந்தியாவில் இறங்கியவர் மின்படியில் ஏறாமல் சுவரோரமாக மெல்ல நடந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றார். வெளியே வந்து பூக்கடைகளைத் தாண்டி, தேக்கா சந்தைக்குள் நுழைந்து, சாப்பாட்டுக் கடைகள் இருக்கும் பக்கம் போனார். நான் ஜூஸ் கடைத் தூணுக்குப் பின்னால் நின்றேன். ஒரு தே தாரிக் டீ வாங்கிக்கொண்டு, காலியாக இருந்த மேசையில் போய் உட்கார்ந்தார். காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பச்சை சுரிதார் போட்ட ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், தட்டில் பிரியாணியுடன் நேராக அந்த மேசைக்கு வந்தாள். அவருக்கு எதிரே தட்டை வைத்தாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, மேசைகளுக்கு நடுவே புகுந்து போனேன். என்ன கேட்பது என்றுகூட யோசிக்கவில்லை. இரண்டு மேசை தள்ளி இருக்கும்போது அவள் குரல் கேட்டது.

"அங்கிள், டிஸ்யூ வச்சிட்டுப் போயிருக்கேன்ல? பாக்கலையா?"

"எங்கம்மா?" என்றார் அவர்.

"எங்கயா? இதோ லா, உங்க கைக்கிட்டயே இருக்கு!"

நான் நின்றுவிட்டேன்.

இந்த ஊரில் சாப்பாட்டுக் கடை மேசையில் ஒரு டிஸ்யூ பாக்கெட் வைத்திருந்தால் அந்த இடம் ஒருவருடையது. எவரும் சொல்லித் தருவதில்லை, எவரும் மீறுவதில்லை. என் கணவர் இதில் ரொம்பக் கறார். தட்டை ஏந்திக்கொண்டு தூரத்திலேயே நின்று, எந்த மேசையில் டிஸ்யூ இருக்கிறது, எதில் குடை இருக்கிறது என்று கணக்கெடுத்துவிட்டுத்தான் நகர்வார். தெரியாமல் உட்கார்ந்துவிட்ட சுற்றுலாப் பயணிகளுக்கு வகுப்பெடுப்பார். அந்த மனிதர், இடது முழங்கைக்கு ஒரு சாண் தூரத்தில் வெள்ளையாக இருக்கும் பாக்கெட்டை, எங்கே என்று கேட்கிறார். பொய்யாகக் கேட்கவில்லை. அந்தக் குரலை எனக்குத் தெரியும். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

அவர் முகத்தை மட்டுமல்ல, உடம்பையே இடது பக்கம் திருப்பினார். அப்போதுதான் அது அவருக்குத் தெரிந்தது. "சாரிம்மா, சாரி" என்று எழுந்துகொண்டார். அந்தப் பெண்ணுக்கே சங்கடமாகி, "பரவாயில்ல அங்கிள், உக்காருங்க, நாலு பேர் உக்காரலாம்" என்றாள். நான் போய் அவருக்கு இடது பக்கம் நின்றேன். தொட்டுவிடும் தூரம். அவர் முகத்துக்குப் பக்கத்தில் கையை ஆட்டினேன். அந்தப் பெண் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அவர் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"என்னங்க" என்றேன்.

தேநீர் சட்டையில் கொட்டிவிட்டது.

வேறு மேசைக்குப் போனோம். அவர் கொஞ்ச நேரம் சட்டையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார். கார் நிறுத்தும் கட்டடத்தின் சரிவில் ஒருநாள் இறங்கும்போது, சாமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு சீன மூதாட்டி இடது பக்கமிருந்து வந்திருக்கிறார். இவருக்குத் தெரியவில்லை. பின்னால் வந்த காரின் ஹாரனில்தான் பிரேக் போட்டாராம். மூதாட்டிக்கும் காருக்கும் நடுவே ஒரு முழம் இடம். மறுநாளே கண் டாக்டரிடம் போயிருக்கிறார். கண்ணுக்குள் அழுத்தம். ஓரப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது, இடது பக்கம் அதிகம். போனது வராது, சொட்டு மருந்து விட்டால் இருப்பதைப் பிடித்துவைக்கலாம். எட்டு மணி மூச்சுப் பயிற்சி அதுதான்.

"அப்ப சுற்றுச்சூழல்?"

"அது நம்ம பொண்ணு எடுத்துக் கொடுத்தது. நான் என்ன சொல்றதுன்னு முழிச்சிட்டு இருந்தேன், அவளே பதிலையும் சொல்லிட்டா." பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டு, "ஆனா இப்ப நெசமாவே பிடிச்சுப் போச்சு. இனிமே கண்ணு நல்லா ஆனாலும் கார் வேணாம்" என்றார்.

"ஒரே நாள்ல மூணு தடவை இங்க எதுக்கு வந்தீங்க?"

என் போனில் எல்லாம் தெரியும் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. கோபப்படவில்லை. "பழகிக்கிறேன். எந்தக் கதவுல ஏறினா எந்தப் படிக்கு நேரா இறங்கலாம், எத்தனை அடியில திருப்பம்னு. கண்ணு இருக்கும்போதே காலுக்குச் சொல்லிக் கொடுத்துட்டா, அப்புறம் நானே வந்து டீ குடிச்சிட்டுப் போகலாம். தேக்கா முடிஞ்சா அடுத்து ஜூரோங், பழைய ஆளுங்களைப் பாக்க."

எனக்குத் தாங்கவில்லை. "என்கிட்ட ஏன் சொல்லலை? நான் யாரு உங்களுக்கு?" என்று கத்தினேன். நாலு மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொன்னா நீ என்னைத் தனியா விடுவியா? நாளைக்கே வேலையை விட்டுட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டு லிஃப்ட் வரைக்கும் வருவ."

விடமாட்டேன் என்பது எனக்கே தெரியும். மலாக்காவில் என் தோளைப் பிடித்தது, மேடைப்படியில் தடுமாறியது, ரயிலில் என்னைப் பார்க்காதது, எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தேன். மூன்று மாதமாக அவர் எங்கே போகிறார் என்று பார்த்தேன். எப்படிப் போகிறார் என்று ஒருநாளும் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. எவளும் இல்லை என்ற நிம்மதியும் கூடவே வந்தது, அந்த நிம்மதிக்காக இன்னும் வெட்கமாக இருந்தது.

கிளம்பினோம். வெளியே வந்ததும் நான் அவர் கையைப் பிடித்தேன். அவர் மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"இடது பக்கம் வா. ஆனா பிடிக்காத. ஏதாவது வந்தா மட்டும் சொல்லு."

சரி என்று இடது பக்கம் போனேன். எதிரே ஒரு தள்ளுவண்டி வந்தது. "வண்டி" என்றேன். ஒதுங்கினார். சாலையைக் கடக்கும் இடத்தில் பச்சை விளக்கு விழுந்தது. அவர் வலது பக்கம் மட்டும் பார்த்துவிட்டுச் சாலையில் இறங்கினார்.