நீங்கதானாங்க?

எங்கள் காரைக்கால் அலுவலகக் கணினிகளுக்குள் வெளியாள் நுழையாமல் பார்த்துக்கொண்டவர் அவர். மூக்குக்கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும். வெளிநாட்டிலிருந்து எவருடைய அலுவலகக் கணக்கு திறந்தாலும் எச்சரிக்கை அலறும், உடனே அந்த ஆளுக்குப் போன் போட்டு, "நீங்கதானாங்க?" என்பார். பிரான்சில் சொந்தக்காரர் இல்லாத வீடு இங்கே குறைவு. அலறியதெல்லாம் லீவில் அங்கே போனவர்களுக்குத்தான். சலித்துப்போய், லீவில் இருப்பவர் கணக்கு பாரிஸில் திறந்தால் அலறாதபடி மாற்றிவிட்டார்.

ஒரு மத்தியானம், "மேனேஜர் கணக்கு பாரிஸ்ல தொறந்திருக்குங்க" என்றார்.

"லீவுலதானே இருக்காரு? பாரிஸுக்கு மக வீட்டுக்குப் போறேன்னாரே" என்றேன்.

"விசா கிடைக்கலைங்க. காலையிலதான் அவரை இங்க பக்கத்துல நெரவியில பார்த்தேன்."

திரையில் கோப்புகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன. எச்சரிக்கை அலறவேயில்லை. கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். போனைத் தொடாமல், திரையைப் பார்த்தே மெதுவாகக் கேட்டார்:

"நீங்க யாருங்க?"