இடம் மாறும் ஐகான்கள்

நாலு பேர் முன்னால் "திருகாணி முறுக்கத்தான் நீ லாயக்கு" என்று ஏசி அச்சகத்தை விட்டே விரட்டிய அத்தான் தானாகக் கூப்பிட்டனுப்பியதும், கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவனுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"ஐகானை எங்க இழுத்து வெச்சாலும் இடது பக்கமே ஓடுதுடா!"

ரைட் கிளிக் செய்து, 'ஆட்டோ அரேஞ்ச்' என்பதில் இருக்கும் டிக்கை எடுத்தால் தீர்ந்தது. அவனுக்கா தெரியாது?

"பழைய மிஷின் அத்தான். ஒண்ணும் பண்ண முடியாது" என்று உதட்டைப் பிதுக்கினான். தினமும் இழுத்து இழுத்தே சாகட்டும்.

அத்தான் முணுமுணுத்தபடி வெளியே போனதும் அக்கா வந்தாள். "என் லாகின்லயும் இதே கூத்துதான்டா. ஃபைலைத் தேடி எடுக்க லேட்டானா, திட்டு விழறது எனக்குத்தான்."

அவன் முகம் சுண்டிப்போனது. பழி யார் தலையில் விடிய இருந்தது! அவசரமாக அக்காவின் லாகினைத் திறந்து டிக்கை எடுத்தான். ஐகான்கள் வைத்த இடத்தில் சமர்த்தாக நின்றன.

"அத்தானோடதையும் சரி பண்ணிடட்டுமா?" என்று அரைமனதாகக் கேட்டான்.

அக்கா வாசலை எட்டிப் பார்த்தாள்.

"ஏன், கையா ஒடிஞ்சுடும்? இழுக்கட்டும்."