குரங்குப் பாடமும் காஞ்சிபுரத்துக்காரரும்

சயின்ஸ் வாத்தியார் வேலையில் பாடம் நடத்துவது சுலபம். அந்தப் பாடம் மாணவர்களின் வீட்டுக்குப் போய்விட்டுக் கோபத்தோடு திரும்பி வரும் பாருங்கள், அதுதான் கஷ்டம். என்னைப் போலவே சாக்பீஸ் தூளில் இருமிய வாத்தியார்களான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அறுபதுகளின் ஆரம்பத்தில் ஜவ்வாது மலையில் நான் பட்ட பாடு இது.

காஞ்சிபுரம்

மணியடிக்கப் போகிற அவசரத்தில், "குரங்கிலிருந்து மனிதன் வந்தான்" என்று கரும்பலகையில் எழுதித் தொலைத்தேன். குரங்குக்கும் நமக்கும் வெகுகாலத்துக்கு முன் பொதுவாய் ஒரு மூதாதை என்று விளக்கச் சோம்பல். மறுநாள் எட்டாம் வகுப்பின் ஒரே பெண்ணான பொன்னி வரவில்லை. அவள் அப்பா சடையன் வந்தார்.

காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்த அண்ணன் தம்பிகளின் வம்சம் என்பது அந்த மலை ஜனங்களின் பூர்வீகக் கதை. பெண் கேட்கப் போனால்கூடப் பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கும். நான் போய் அதிலேயே கை வைத்துவிட்டேன்! அரசுப் பரீட்சைக்கு மூன்றே வாரம். எழுதாவிட்டால் பொன்னியின் படிப்பு அதோடு சரி. எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன்.

"நாங்க காஞ்சிபுரத்துலேர்ந்து வந்தவங்க சார். நீங்க வோணா கொரங்கு வம்சமா இருந்துட்டுப் போங்க."

ஹெட்மாஸ்டரின் யோசனை

ஹெட்மாஸ்டரிடம் ஓடினேன். பக்திமான், நல்ல மனிதர். வெற்றிலையை மென்றபடியே ஒரு வழி சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"பேப்பர்ல கொரங்குன்னு எழுதட்டும், வூட்ல பிரம்மான்னு சொல்லட்டும். ரெண்டு எடத்துலயும் பாஸ்!"

பாயின் வாட்ச்

தோல் பதனிடும் கடுக்காயைச் சடையனிடம் வாங்க வாணியம்பாடியிலிருந்து ஒரு பாய் மலைக்கு வருவார். அவர் சொன்னால் சடையன் கேட்பார் என்று அவரைப் பிடித்தேன். அவரோ கையிலிருந்த வாட்சைக் கழற்றி என் மூக்குக்கு நேரே ஆட்டினார். "இது தானா வந்துச்சா சார்? செஞ்சவன் ஒருத்தன் இருக்கான்ல? அப்ப மனுசனுக்கு?"

"வாட்ச் குட்டி போடாதே பாய்! குட்டி போட்டால்தானே தலைமுறைக்குத் தலைமுறை மாறும்?" என்றேன். சிரித்தாரே தவிர அசையவில்லை. போச்சுடா என்று நினைத்தேன். ஆனால் அன்றைக்கே, கடுக்காய் மூட்டை கட்டும்போது, என் எதிரிலேயே சடையனிடம் சொன்னார்:

"வாத்தியார் சொல்றத நானும் ஒத்துக்கல சடையா. ஆனா படிச்சாத்தானே உம்பொண்ணு அவர எதுத்துக் கேக்கும்?"

சாமைக் கதிர்

சடையன் மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். மறுநாளும் பொன்னி வரவில்லை. மூன்றாம் நாள் அவர் வீட்டுக்கே போனேன். கூரையில் சாமைக் கதிர்கள் கட்டித் தொங்கின. எதற்கு என்று கேட்டேன். "வெதைக்கு சார். நல்ல கதிராப் பொறுக்கி வெச்சாத்தான் அடுத்த போகம் நல்லா வரும்" என்றார்.

"அதேதாங்க நான் சொல்றதும்! காட்டுல பொறுக்க ஆள் இல்ல. மழையும் வறட்சியும் பொறுக்குது. தாங்குனது பொழைக்குது, அதோட வித்துதான் மறுபடி மொளைக்குது. ரொம்ப ரொம்ப காலம் இப்படியே போனா உருவமே மாறிப்போகுது." குரங்கு விஷயத்தில் நான் எழுதியது அரைகுறை என்பதையும் ஒப்புக்கொண்டேன்.

சடையன் ஒரு கதிரை இழுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். கதவோரம் பொன்னி பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"இன்னா சார், மழை பொறுக்குதுன்றீங்க, அந்த மழைய அனுப்புறது யாரு? நாளைக்கு இவ வருவா, கேட்டுக்கினு வரட்டும்."

பொன்னி பரீட்சையில் பாஸாகி மேலே படிக்கப் போய்விட்டாள். அவள் அப்பா கேட்ட கேள்வியில் பெயிலாகி, வாத்தியாரான நான் மட்டும் இன்னும் அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன்.